சோளப்பாம்புக்கு ஒரு மரப்பெட்டி

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சோளப்பாம்பு என்றொரு பாம்பு உண்டு. நஞ்சில்லாதது, சாதுவானது, நான்கைந்து அடி வரை வளரும். அங்கே பலர் இதைச் செல்லப்பிராணியாக வளர்க்கிறார்கள். அதற்கான பெட்டியை ஒட்டுப்பலகையில் தாங்களே செய்துகொள்வோரும் உண்டு.

பெட்டியின் நீளம் பாம்பின் நீளத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆனால் அளவைவிட முக்கியம் வெப்பம். இந்தப் பாம்பால் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. அதனால் பெட்டியின் ஒரு முனை சுமார் 30 டிகிரி செல்சியஸிலும், மறுமுனை 24 டிகிரி அளவிலும் இருக்கவேண்டும். இரை விழுங்கிய பாம்பு சூடான பக்கம் நகரும். செரிமானத்துக்கு அந்தச் சூடு தேவை. அடியில் வைக்கும் வெப்பத் தகட்டை தெர்மோஸ்டாட் இல்லாமல் இணைத்தால் பாம்பின் வயிறு வெந்து புண்ணாகிவிடலாம். தெர்மோஸ்டாட் வாங்கும் செலவில் சிக்கனம் பார்ப்பது கொடுமை.

ஒளிந்துகொள்ள இரு முனையிலும் மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம், காற்றுத் துளைகள் வேண்டும். உள்ளே வார்னிஷ் பூசினால் வாடை முழுக்கப் போகும்வரை பாம்பை விடக்கூடாது. மூடி இறுக்கமாகப் பூட்டவேண்டும். தலை நுழையும் இடைவெளி போதும், முழுப் பாம்பும் வெளியேறிவிடும்.

இது அந்த நாட்டு வழக்கம். நம் நல்ல பாம்பையோ, சாரையையோ, மலைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வைத்திருப்பது இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்காதீர்கள். விலகி நின்று வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.