தென்னைக்குக் காவல் நிற்கும் பாக்டீரியா

தென்னையின் அடிமரத்தில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறதா? அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பின் தஞ்சைப் பக்கம் தலைகாட்டியதால் அந்தப் பெயர். காரணம், கானோடெர்மா என்ற பூசணம். அதை மண்ணிலேயே மடக்குகிறது சூடோமோனாஸ் பாக்டீரியா. வேரைச் சுற்றிக் குடியேறி, பூசணத்துக்கு வேண்டிய இரும்புச்சத்தை முந்திக்கொண்டு எடுத்துக்கொள்ளும். பட்டினி போட்டே எதிரியை ஒடுக்குகிற கெட்டிக்காரத்தனம்!

மரத்துக்கு 200 கிராம் சூடோமோனாஸ் தூளை, மக்கிய தொழுவுரம் 50 கிலோவில் கலந்து, வட்டப்பாத்தியில் இட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை போதும். இரசாயன மருந்தோடு மட்டும் கலக்காதீர்கள், வீரியம் போய்விடும். குருத்துவரை வாடிய மரம் இதில் பிழைக்காது. பக்கத்து மரங்களுக்கு இப்போதே இடுங்கள்.