ஃபிளாரன்ஸில் பாஸ்போர்ட் திருடுபோனால்: முதலில் போலீஸ், பிறகே தூதரகம்

புருனெலெஸ்கி கட்டிய குவிமாடத்தை அண்ணாந்து பார்ப்பவரின் கை தோள்பையில் இருப்பதில்லை. திருடனுக்கு அது போதும். மைக்கேலாஞ்சலோவின் தாவீதைப் பார்க்க நிற்கும் வரிசையிலும், சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தில் பெட்டியைத் தூக்கி வைக்கும் நேரத்திலும் இதே கதைதான். பணத்தோடு பாஸ்போர்ட்டும் போய்விடுகிறது.

போனது போகட்டும். அதற்குப் பிறகு நம்மவர்கள் செய்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. சிலர் வாட்ஸ்அப் குழுக்களில் புலம்பியே அரை நாளைத் தொலைக்கிறார்கள். சிலர் நேராக ரோமுக்கு ரயிலேறித் தூதரக வாசலில் நிற்கிறார்கள். அங்கே முதல் கேள்வியே, “போலீஸ் புகார் நகல் எங்கே?”

அந்தத் தாள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இத்தாலியில் அதை ‘டெனுன்சியா’ என்பார்கள். ஃபிளாரன்ஸில் வியா ஸாரா தெருவிலுள்ள க்வெஸ்தூரா எனும் காவல் தலைமையகத்திலோ, அருகிலுள்ள கராபினியேரி எனும் காவல்படையின் நிலையத்திலோ கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. புகாரை இத்தாலிய மொழியில் எழுதுவார்கள். எனவே கையெழுத்திடும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: பெயரின் எழுத்துகள், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி. நான்காவது இன்னும் முக்கியம். திருட்டு என்றால் ‘ஃபூர்த்தோ’ என்று இருக்க வேண்டும். ‘ஸ்மர்ரிமெந்தோ’ என்றிருந்தால் நீங்களே தொலைத்ததாகப் பொருள். காப்பீட்டு நிறுவனம் அதைக் காட்டியே இழப்பீட்டை மறுக்கலாம். முத்திரையிட்ட பிரதி இரண்டு கேளுங்கள். ஒன்று தூதரகத்துக்கு, ஒன்று உங்களுக்கு.

அடுத்துதான் ரோம். விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இந்தியத் தூதரகம் வியா 20 செத்தெம்ப்ரே, எண் 5-இல் இருக்கிறது. புகார் நகல், பழைய பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல்கள், விசா நகல், புகைப்படங்கள், திரும்பும் விமான டிக்கெட் ஆகியவற்றோடு செல்லுங்கள். சனி, ஞாயிறு என்றால் தூதரக இணையதளத்திலுள்ள அவசர எண்ணை அழையுங்கள்.

அவசரத்துக்குக் கிடைப்பது ‘எமர்ஜென்சி சர்டிஃபிகேட்’. அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும், ஒரே ஒரு பயணத்துக்கு. “பாரிஸையும் பார்த்துவிட்டுப் போய்விடலாம்” என்ற கணக்கெல்லாம் அதில் செல்லாது. வழியில் விமானம் மாறும் நாடு அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று விமான நிறுவனத்திடம் கேட்ட பிறகே புறப்படுங்கள்.

சுற்றுலா நிறுவனங்களையும் சொல்லாமல் விட முடியாது. “பஸ் கிளம்புகிறது, அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்” என்று அவசரப்படுத்தும் வழிகாட்டிக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான். பஸ் போனால் போகட்டும், புகார் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். விசாவுக்காக எடுத்த காப்பீடு இருக்கிறதே என்றும் அசட்டையாக இருக்காதீர்கள். ஷெங்கன் விசா கேட்கும் 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கானது. திருட்டுக்கு ஈடு உண்டா என்பதைப் பாலிசியைப் பிரித்துப் படித்தால்தான் தெரியும்.

நகல்களைக் கைபேசியில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாஸ்போர்ட்டை எடுத்தவன் கைபேசியை விட்டுவைப்பான் என்பது என்ன நிச்சயம்? மின்னஞ்சலில் ஒரு நகல், பெட்டியில் காகிதமாக ஒன்று இருக்கட்டும். பாஸ்போர்ட்டை முதுகுப்பையில் வைக்காதீர்கள். சட்டைக்குள் உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள்.

ஊர் திரும்பியதும் பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் அதே இத்தாலியப் புகாரைக் கேட்பார்கள். மறுபடியும் சொல்கிறேன், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகார் கொடுத்த பிறகு பழைய பாஸ்போர்ட் கிடைத்துவிட்டால் மகிழ்ந்துபோய் அதிலேயே பயணம் செய்யவும் கூடாது. திருடுபோனதாகப் பதிவான பாஸ்போர்ட் செல்லாது. அதை நீட்டினால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கிடைத்ததைத் தூதரகத்திடம் ஒப்படையுங்கள்.