கவர்னர் மனைவியின் பெயர்

காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்டதும், யாரோ ஒரு மகானின் பாதம் பட்ட ஸ்தலம் போலும் என்று வெளியூரார் எண்ணுவதுண்டு. உண்மையில் அது 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த ஜோஸப் காலெட் என்பவருடைய பெயர். திருவொற்றியூரில் நெசவாளரைக் குடியேற்றி அவர் உண்டாக்கிய காலெட்பேட்டையை நம் ஜனங்களின் நாக்கு தேய்த்துத் தேய்த்துத் தமிழாக்கி விட்டது.

இதே உபசாரம் வேறொரு பெயருக்கும் நடந்திருக்கிறது. சென்னைக் கடற்கரையில், விவேகானந்தர் இல்லத்துக்குப் பக்கத்திலுள்ள ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையைப் பலரும் 'லேடி வெலிங்டன்' என்றே சொல்லுகிறார்கள். நெப்போலியனை வென்ற வெலிங்டனுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அது லேடி வில்லிங்டன். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாணக் கவர்னராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவி. பெயரும் சரியாக நினைவில் நில்லாத அந்தச் சீமாட்டி யார்?

1875-ல் செல்வம் மிக்க பிராஸி குடும்பத்தில் பிறந்தவர் மரீ. தாயார் அன்னா பிராஸி, 'சன்பீம்' என்னும் சொந்தக் கப்பலில் குடும்பத்தோடு உலகைச் சுற்றி வந்து, அந்த யாத்திரையைப் புத்தகமாக எழுதிப் புகழ் பெற்றவர். 1887-ல் அதே கப்பலில் அவர் இறந்து, உடல் கடலுக்கே ஒப்புவிக்கப்பட்டபோது மரீக்குப் பன்னிரண்டு வயது. 1892-ல் விவாகம். 1913-ல் கணவர் பம்பாய்க் கவர்னரானார். மறு வருஷமே மூத்த மகன் பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் மாண்டான். மகனைப் பறிகொடுத்த அந்தத் தாய் பம்பாயில் யுத்த நிவாரண வேலைகளில் மும்முரமாக ஈடுபட்டார்.

கவர்னர் மனைவி என்பது விசித்திரமான பதவி. சம்பளம் கிடையாது, சட்டத்தில் ஒரு வரி அதிகாரமும் கிடையாது. ஆனால் அவர் ஒரு காரியத்தில் நாட்டம் காட்டினால் கச்சேரிகளில் காகிதங்கள் தாமே நகரும். தனவந்தர்களின் பணப்பைகள் தாமே அவிழும்.

அக்காலத்துச் சென்னையில் பெண் கல்விக்குப் பெருந்தடையாயிருந்தது உபாத்தியாயினிகள் இல்லாமையே. பெண் சற்று வளர்ந்ததும், ஆண் வாத்தியாரிடம் அனுப்பப் பெற்றோர் மறுத்தனர். பெண் வாத்தியாரோ, முன்பு படித்த பெண்ணிலிருந்துதானே வர வேண்டும்! 1921-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்த மாகாணம் சென்னை. அங்கே பெண்ணுக்குப் பாடம் சொல்லப் பெண்ணில்லை!

இந்த முடிச்சை அவிழ்க்க வழி கண்டவர் சகோதரி சுப்புலட்சுமி. பாலியத்திலேயே விதவையாகி, தந்தையின் துணையால் படித்து, 1911-ல் பட்டம் பெற்றவர். பூவும் பொட்டும் இழந்து மூலையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த சிறுமிகளைச் சேர்த்து 1912-ல் எழும்பூரில் ஓர் இல்லம் தொடங்கினார். பின்னர் அது, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு இடம் மாறியது. குடும்பத்துக்குப் பாரமென்று கருதப்பட்ட பெண், உபாத்தியாயினியாகித் தன் சம்பளத்தில் தலைநிமிர்ந்து வாழலாம் என்பதே அவர் கண்ட வழி. 1922-ல் பக்கத்திலேயே அரசாங்கப் பயிற்சிக் கலாசாலை லேடி வில்லிங்டன் பெயரால் ஏற்பட்டது. அதனோடு இணைந்த பள்ளிக்குச் சுப்புலட்சுமியே தலைமை வகித்தார்.

ஆக, பெயர் சீமாட்டியினுடையது. பணம் மாகாணத்து ஜனங்களின் வரி. உழைப்பு நம் சகோதரிகளுடையது. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அதே கவர்னரின் ஆட்சியில்தான், 1921 ஆகஸ்டில், பெரம்பூர்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின்போது போலீஸார் சுட்டு உயிர்கள் பலியாயின. வடசென்னைத் தொழிலாளர் குடும்பங்களில் கவர்னர் பெயர் எவ்விதம் ஒலித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு வைஸிராயாகத் திரும்பி வந்த அவர், 1932 ஜனவரியில் காந்தியடிகளைச் சிறையிட்டார். அப்போது டில்லி மாளிகையில் சீமாட்டி, தமக்குப் பிரியமான இளம் ஊதா வர்ணத்தை அறைகளுக்குப் பூசச் செய்து கொண்டிருந்தார். அந்த மாளிகையைத் திட்டமிட்டுக் கட்டிய லுட்யென்ஸுக்கு அது பெரும் மனவருத்தம்!

ஆயினும் ஆசிரியத் தொழிலில் உள்ளவன் என்ற முறையில், கணவரின் கணக்கை மனைவியின் பெயரில் முழுதும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. விருந்துக்கும் நடனத்துக்கும் பெயர் கொடுத்த கவர்னர் மனைவியர் பலர். இவர் பெயர் போய்ச் சேர்ந்தது ஒரு பள்ளிக்கூடத்தில். மொட்டையடித்த தலையோடு முக்காட்டுக்குள் இருந்த ஒரு பெண், "வாத்தியாரம்மா" என்று அழைக்கப்படும் நாள் அந்த வாசல் வழியாகவும் வந்தது.

லேடி வில்லிங்டன் 1960-ல் காலமானார். டில்லியில் 1936-ல் அவர் பெயரால் திறந்த பூங்கா, 1947-ல் லோடித் தோட்டமாகி விட்டது. சென்னையில் பலகை மாறவில்லை. சகோதரி சுப்புலட்சுமி சென்னைச் சட்ட மேலவையில் அங்கம் வகித்து, 1958-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1969-ல் ஒரு வைகுண்ட ஏகாதசியன்று மறைந்தார்.