கல்லும் நீரும் – 11: ஊற்று கட்டிய கல்

ஓசூர் சிப்காட் பக்கம் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் ஹீட்டர் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. கழற்றிய எலக்ட்ரீஷியன் காயிலை என் கையில் கொடுத்து, “உப்பு எப்படிக் கட்டியிருக்கு பாருங்க சார்” என்றார். சுண்டுவிரல் தடிமன் இருக்கவேண்டிய குழாய், கட்டைவிரலைவிடப் பருத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், ஏடு ஏடாகப் பெயர்ந்தது. நாக்கில் வைத்தால் கரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன், பொடிப்பொடியாக நுரைத்தது. சுண்ணாம்பு!

காயில்மேல் நடந்த இதே வேலைதான் உலகின் அழகான அருவிகள் சிலவற்றையும் கட்டியிருக்கிறது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பல மடங்கு வாயு மண்ணிடுக்கில் உண்டு. இப்படி லேசாகப் புளிப்பேறிய நீர், சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டே பூமிக்குள் நடக்கும். ஊற்றாக வெளியே வந்ததும், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு பறந்துவிடும். அதன்பிறகு நீரால் அத்தனை சுண்ணாம்பையும் சுமக்க முடியாது. வழியில் இறக்கி வைத்துவிடும். ஊற்றின் வாயைவிடச் சற்றுத் தள்ளி, நீர் விழுந்து சிதறும் இடத்தில்தான் படிவு அதிகம். அங்கே கிடக்கும் பாசி, இலை, சுள்ளி எல்லாவற்றுக்கும் கல்லுறை ஏறிவிடும். இலை மக்கிப்போனாலும் அதன் நரம்புகள் கல்லில் அச்சாக நிற்கும். ஓட்டை ஓட்டையாக, தேனடை மாதிரி இருக்கும் இந்தக் கல்லுக்கு டூஃபா என்று பெயர். வெந்நீர் ஊற்றில் படிந்து இறுகுவது டிராவர்டைன். துருக்கியில் பாமுக்கலேயின் வெள்ளைப் படிக்கட்டுகள் அந்த வகை.

குரோஷியாவில் பிளிட்விட்சே ஏரிகள் பதினாறையும் தேக்கி நிற்பவை டூஃபா அணைகளே. நம் நாட்டில் டேராடூன் அருகே சகஸ்ரதாராவில் இந்தக் கல்லைப் பார்க்கலாம். அந்தப் பள்ளத்தாக்கின் மலைகளைக் குடைந்த சுண்ணாம்புக் குவாரிகள் பலவற்றை 1985-ல் உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னது. சுற்றுச்சூழலுக்காக நம் நீதிமன்றங்கள் தந்த முக்கியமான ஆரம்பகாலத் தீர்ப்புகளில் ஒன்று அது. மகாராஷ்டிரத்தில் சுண்ணாம்புப் பாறை இல்லாத எரிமலைப் பாறை நிலத்திலும் அருவியோரங்களில் டூஃபா படிந்திருக்கிறது. பாறைக்குள் கால்சியம் இருந்தால் போதும்.

அப்படியானால் கிருஷ்ணகிரி மலைகளில் ஏன் அப்படியொரு வெள்ளை அருவியை நான் பார்த்ததில்லை? இங்கே அடித்தளம் பெரும்பாலும் கிரானைட்டும் நைஸும். சாமல்பட்டி, ஒகேனக்கல் போன்ற சில இடங்களில் மட்டும், பூமியின் ஆழத்திலிருந்து உருகி எழுந்த கார்பனடைட் என்னும் சுண்ணக்கல் உண்டு. ஒகேனக்கல்லில் இருப்பதற்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு. மற்ற இடங்களில் பாறை மெல்ல மெல்லத்தான் கால்சியத்தை விடுகிறது. மழையும் குறைவு. மண்ணில் இறங்கிய நீர் ஊற்றாவதற்கு முன்பே வெயில் அதை உறிஞ்சிவிடும். சுண்ணாம்பு மண்ணுக்குள்ளேயே முடிச்சு முடிச்சாகத் தங்கிவிடும். சூளகிரிப் பக்கம் கிணறு வெட்டிய மண்மேட்டில் நான் பொறுக்கிய சுக்கான்கல் அதுதான். முன்பு இதைக் காளவாயில் சுட்டுத்தான் சுவருக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள். அந்தக் கல்லும் எலுமிச்சைச் சாறு பட்டதும் நுரைத்தது.

பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் கிடந்த நீரை இன்று போர் போட்டு இழுக்கிறோம். ஹீட்டரில் அது சூடேறியதும் வாயு வெளியேறி, சுண்ணாம்பு காயிலில் ஒட்டிக்கொள்கிறது. வெட்டவெளியில் நடக்கும் வேலை நம் குளியலறைக்குள் நடக்கிறது.

கலிபோர்னியாவின் மோனோ ஏரிக்குள் ஊற்றுகள் கட்டிய டூஃபா கோபுரங்கள் நீருக்கடியில் இருந்தன. 1941 முதல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்பிக்கொண்டது. மட்டம் இறங்கியதும் கோபுரங்கள் வெளியே வந்தன. எல்லோரும் படம் பிடிக்கும் அந்த அழகு, தண்ணீர் போனதன் அடையாளம். ஊருக்குத் தண்ணீர் வேண்டியதுதான். ஆனால் எங்கிருந்து எடுக்கிறோம் என்று பார்த்து எடுக்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, வேப்பனஹள்ளி மலையடிவாரங்களில் நீங்கள் சிறுவயதில் குடித்த ஊற்று ஏதாவது இருந்தால், அதன் பெயரையும் அது வற்றிய வருடத்தையும் எழுதி அனுப்புங்கள். இன்னும் ஓடுகிறதென்றால் அதை முதலில் எழுதுங்கள்.

(தொடரும்)