பாவு கோணினால்

அக்கா வீட்டுக் குளியலறைக்குப் புதிதாக டைல்ஸ் ஒட்டி முடித்த மூன்றாம் நாள் வெள்ளகோவில் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் மச்சான் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கதவைத் திறந்து காட்டினார். "பாரு மாப்ளே, கட்டம் ஓடியிருக்குது." அவர் முப்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறவர். கட்டம் போட்ட பெட்ஷீட்தான் அவர் பிழைப்பு. ஊடை அரை அங்குலம் சாய்ந்தாலும் நாலடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு முன்னால், வலதுபக்கச் சுவரோரம் அகலமாகத் தொடங்கிப் போகப்போக ஒடுங்கிய டைல்ஸ் வரிசை தப்பவே முடியாது.

அக்காவின் குறை வேறு. "கோடு எப்படி வேணா போகட்டும் கண்ணு. கதவு மூலைல தண்ணி நிக்குது. அத்தை கால் வெச்சா என்ன ஆகும்?" அவள் மாமியாருக்கு எண்பதை நெருங்கும் வயது.

ஒரே தரை, இரண்டு புகார். இதில் எது பெரிது என்று பிரித்துப் பார்க்காமல்தான் பல வீடுகளில் உடைக்க வேண்டாததை உடைக்கிறார்கள், உடைக்க வேண்டியதை விட்டுவிடுகிறார்கள்.

ஒட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "செவுரு கோணலுங்க. டைல்ஸுல ஒண்ணும் இல்லீங்க" என்றார். பாதி உண்மை. டேப்பைப் பிடித்துப் பார்த்தபோது கதவுப் பக்கம் அகலம் 45 அங்குலம், எதிர்ச்சுவர்ப் பக்கம் 44. நாலடி என்று கட்டிய அறை, இருபுறப் பூச்சும் சுவர் டைல்ஸும் போக மூணேமுக்கால் அடியாகிவிட்டது, அதுவும் ஒருபக்கம் ஓர் அங்குலம் குறைவாக. காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் பல வீடுகள் தறிக்குடோனை ஒட்டி வளர்ந்தவை. பின்கட்டில் ஓர் ஓரத்தைத் தடுத்து, நாலரை அங்குலச் சுவர் எழுப்பி, அதைக் குளியலறை ஆக்குகிறோம். பழைய சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதையே பிடித்துப் புதுச் சுவரும் போகிறது. பெரிய கூடத்தில் ஓர் அங்குலக் கோணலைச் சோபாவும் பீரோவும் மறைத்துவிடும். குளியலறையில் நான்கு சுவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை.

மீதிப் பாதி உண்மை, தொடங்கிய இடத்தில் இருக்கிறது. அவர் இடதுபக்கச் சுவரை ஒட்டி முதல் டைல்ஸை வைத்து, ஓரடி டைல்ஸாக மூன்று முழுசு போட்டுக்கொண்டே போயிருக்கிறார். வலது ஓரத்தில் மிஞ்சியது கதவருகே 9 அங்குலத் துண்டு, கடைசியில் 8 அங்குலத் துண்டு. அறையின் மொத்தக் கோணலும் ஒரே ஓரத்தில் வந்து குவிந்துவிட்டது. அறையின் நடுவில் நூல் பிடித்து, நடுக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு முழு டைல்ஸ் வைத்திருந்தால், இரண்டு ஓரத்திலும் பத்தரை அங்குலத்தில் தொடங்கிப் பத்தில் முடியும் துண்டுகள் விழுந்திருக்கும். ஓரத்துக்கு அரை அங்குலம்தான் வித்தியாசம். சுவர் அதே சுவர்தான். ஆனால் யார் கண்ணுக்கும் எளிதில் படாது.

தமிழில் தரைக்குக் கல் பாவுகிறோம், தறியில் ஏற்றுவதும் பாவு. பாவு சரியாக ஏறாவிட்டால் பிறகு எவ்வளவு கவனமாக நெய்தாலும் துணி நேராக வராது என்பதை மச்சானுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துணியையாவது எதிரெதிர் முனையைப் பிடித்து இழுத்து ஓரளவு நிமிர்த்தலாம். காய்ந்த சிமெண்டை இழுக்க முடியாது. அதனால்தான் கலவை குழைப்பதற்கு முன்பே டைல்ஸை வெறுந்தரையில் பரப்பிப் பார்க்கச் சொல்லி வீட்டுக்காரர் கேட்க வேண்டும். அரை மணி நேர வேலை. மூலைமட்டம் இல்லையென்றால் டேப்பே போதும்: ஒரு கோட்டில் 3 அடி, அதற்குக் குறுக்குக் கோட்டில் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் இடையே சரியாக 5 அடி வந்தால் மூலை நேர். கொத்தனார்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்கும் கணக்கு இது.

சில சமயம் குற்றம் டைல்ஸிலேயே இருக்கும். நம் நாட்டு டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியில் உள்ள சூளைகளிலிருந்து வருகிறது. வெவ்வேறு முறை சுட்டவற்றில் நிறமும் அளவும் மயிரிழை மாறும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு எண் கலந்தால் நூல் பிடித்து ஒட்டினாலும் இடைவெளி அலைபாயும்.

இனி அக்காவின் புகார். என்னைக் கேட்டால் இதுதான் முதல் புகார். கோணல் கோடு கண்ணைத்தான் உறுத்தும், வாட்டம் தப்பிய தரை ஆளைத் தள்ளும். அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் தயங்காது. ஆறடி நீளத்துக்கு ஒன்றரை அங்குலம். மொகஞ்சதாரோவில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் கட்டிய பெருங்குளத்தின் தரையில் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கி, ஒரு மூலையை நோக்கிச் சரித்திருக்கிறார்கள். தண்ணீர் போக வழி எங்கே என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் தரையைப் போட்டிருக்கிறார்கள்.

தண்ணீர் வடியும் நஹானி ட்ராப் மூலையில் இருந்தால் தரை இரண்டு பக்கமாகச் சரிய வேண்டும். டைல்ஸோ வளையாது. பெரிய டைல்ஸ் போட்டால் ஒரு முனை எழும்பும், கால் விரல் இடிக்கும். அதனால் சின்ன அறைக்குச் சின்ன டைல்ஸ்தான் நல்லது. கூடத்துக்கு வாங்கிய இரண்டடி டைல்ஸில் மிஞ்சியதைக் குளியலறையில் போடுவது சிக்கனம் அல்ல. வழவழப்பானது என்றால் அது ஆபத்தும் கூட.

உடைப்பதா விடுவதா என்று முடிவெடுக்க மூன்று சோதனை செய்தோம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்து எங்கே தேங்குகிறது என்று பார்த்தோம்: கதவு மூலையில் ஒரு தட்டு அகலத்துக்கு நின்றது. நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினோம். நான்கு டைல்ஸ் பொள்ளலாக ஒலித்தன, அடியில் கலவை பிடிக்கவில்லை. ரசமட்டம் வைத்தபோது வாட்டம் பாதி தூரம் வரை சரியாக வந்து, பிறகு கதவை நோக்கித் திரும்பியிருந்தது. கோடு மட்டும் கோணலாக இருந்திருந்தால், இடைவெளிகளைச் சுரண்டிவிட்டு டைல்ஸின் நிறத்திலேயே எபாக்சி அடைக்கச் சொல்லியிருப்பேன். நிறம் ஒன்றானால் கோடு மங்கும், கோணலும் மங்கும். வெள்ளை டைல்ஸுக்குக் கறுப்புக் கோடு போட்டால் கோணலை அடிக்கோடிட்டுக் காட்டியது போலாகும்.

பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்பவில்லை. தரை அரை அங்குலம் உயரும், கதவின் அடியை அறுக்க வேண்டும், அறைக்கும் குளியலறைக்கும் உள்ள இறக்கம் குறைந்து ஈரம் உள்ளே வரும். அடியில் இருக்கும் பொள்ளலும் அப்படியே இருக்கும்.

ஆகவே உடைத்தோம். மொத்தமே 22 சதுர அடி. உளி ட்ராப்பிலும் குழாயிலும் படாமல் ஓரத்திலிருந்து பெயர்க்கச் சொல்லி ஆள் பக்கத்திலேயே நின்றோம். சிமெண்ட் தளத்திலேயே வாட்டத்தைக் கொண்டுவந்து, நீர்புகாப் பூச்சு பூசி, ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தோம். டைல்ஸ் ஒட்டும்போதே சரிவைச் சரிக்கட்டலாம் என்பது எங்கும் நடக்கிற தவறு. அடித்தளத்தில் இல்லாத வாட்டத்தை மேலே வரவழைக்கக் கலவையை ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் வைப்பார்கள். பொள்ளல் அங்கேதான் பிறக்கிறது.

அதன்பின் நடுக்கோடு. அக்காவைக் கதவருகே நிற்க வைத்து, அவள் கண்ணுக்கு நேராகத் தெரிகிற வரை நூலை நகர்த்தினோம். தினமும் அந்தத் தரையைத் தேய்த்துக் கழுவப் போகிறவள் அவள். முதல் முறை ஒட்டியபோது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்து ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். தேங்கிய இடமெல்லாம் வெள்ளையாகப் படியும். அதைப் போக்க ஆசிட் ஊற்றினால் டைல்ஸ் தப்பிக்கும், இடையிலிருக்கும் சிமெண்ட் கரையும், அந்த வழியாகத் தண்ணீர் அடியில் இறங்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது மூச்சை அடைக்கும். குளித்து முடித்ததும் ரப்பர் தள்ளியால் தரையை வழித்துவிட்டால் உப்பே படியாது.

போன வாரம் மறுபடி போனேன். மச்சான் கதவருகே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் அரை அங்குலம் ஓடுது மாப்ளே, ஆனா சொன்னாத்தான் தெரியுது" என்றார். அத்தை உள்ளே குளித்துவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தார். மிச்சம் ஐந்து டைல்ஸை அக்கா அதே பெட்டியில், எண் தெரியும் பக்கம் வெளியே இருக்கும்படி, பரண்மேல் வைத்திருக்கிறாள்.