மரவேலை ஏன் லேட் ஆகுது?

சென்னையில வீட்டு இன்டீரியர் வேலைகளை மேற்பார்வை பார்க்குறது என் தொழில். ஃபிளாட் சாவி கைக்கு வந்தாச்சு, இஎம்ஐ ஓடுது, ஆனா கிச்சன் முடியாததால இன்னும் வாடகை வீட்லதான் இருக்கோம்னு புலம்புறவங்களை அடிக்கடி பார்க்குறேன். ஒவ்வொரு மாசத் தாமதமும் ஒரு மாச வாடகை. பழி என்னமோ ஆசாரி மேலதான் விழும். ஆனா நான் பார்த்த வரைக்கும், ஆசாரி முதல் பலகையை அறுக்குறதுக்கு முன்னாடியே தாமதம் ஆரம்பிச்சுடுது. அதைத் தடுக்க நம்ம கையில இருக்குற நாலு விஷயங்களை இந்த எபிசோட்ல பார்ப்போம்.

அளவு எப்போ எடுக்கணும்?

பில்டர் பிளான்ல இருக்குற அளவு பெரும்பாலும் செங்கல் சுவருக்குச் செங்கல் சுவர். அது மேல பூச்சு சுமார் 12 மில்லிமீட்டர். அப்புறம் டைல்ஸ், அதை ஒட்டுற பசை. ஒரு பக்கம் இரண்டரை சென்டிமீட்டர்னு வெச்சா, ரெண்டு பக்கமும் சேர்த்து 5 சென்டிமீட்டர் போயிடும். பிளானை நம்பிப் பெட்டி செஞ்சா, கடைசிப் பெட்டி உள்ள போகாது.

ஆசாரி வீட்டுலயே செய்யுறதா இருந்தா அங்கேயே குறைச்சுச் சமாளிச்சுடுவார். மாடுலர் கிச்சன்ல அது முடியாது. ஃபேக்டரியில மெஷின்ல வெட்டி, எட்ஜ் பேண்டிங் ஒட்டி வர்ற பெட்டி தப்பா இருந்தா, புதுசா வெட்டுறதுக்கு மறுபடியும் வரிசையில நிக்கணும்.

அதனால கடைசி அளவை பூச்சு, டைல்ஸ் முடிஞ்ச பிறகுதான் எடுக்கணும். பில்டரே கடப்பா கல் நிறுத்தி கிரானைட் மேடை போட்டுக் கொடுத்திருந்தா, ஒவ்வொரு கல்லுக்கும் நடுவுல மேலயும் கீழயும் தனித்தனியா அளக்கச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்குறது அபூர்வம். சுவர் தூக்கு சரியா இருக்கா, மூலை மட்டம் இருக்கான்னும் பார்க்கணும். சுவரோரம் ஒரு ஃபில்லர் பட்டைக்கு இடம் விட்டா சின்ன வித்தியாசம் அதுல மறைஞ்சுடும்.

அளவுக்காகக் காத்திருக்கும்போது சும்மா இருக்க வேணாம். மைக்கா, கைப்பிடி, சானல் எல்லாத்தையும் அந்த நேரத்துல தேர்வு செஞ்சு முடிச்சுடலாம்.

முடிவுகளைப் பூட்டுங்க

அடுப்பு, சிம்னி, அவன், டிஷ்வாஷர் எல்லாத்துக்கும் மாடல் நம்பர் வரைக்கும் முடிவாகணும். ஹாப் பதிக்கக் கல்லுல வெட்டுற அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஒரு வாடிக்கையாளர் கட்டிங் முடிஞ்ச பிறகு, ஆஃபர்ல கிடைச்சதுன்னு வேற அவன் வாங்கிட்டு வந்தார். உயரமான அலமாரி முழுசையும் திரும்பச் செய்ய வேண்டியதாப் போச்சு.

மைக்கா 8க்கு 4 அடி ஷீட்டா வரும். எத்தனை வேணும்னு கணக்குப் போட்டு ஒரே பேட்ச்ல மொத்தமா வாங்குங்க. பாதியில தீர்ந்துபோனா, அடுத்த பேட்ச்ல கலர் லேசா மாறலாம்.

எல்லாம் முடிவானதும் வரைபடத்துல தேதி போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்ல சொன்ன மாற்றம் பட்டறை வரைக்கும் போய்ச் சேராது.

காலண்டரைப் பாருங்க

மார்கழியில கிரகப்பிரவேசம் வைக்க மாட்டாங்க. அதனால தை முகூர்த்தத்துக்குப் பட்டறைகள்ல கூட்டம் நெருக்கும். அதுக்கு முந்தின மாசங்கள் எப்படி இருக்கும்? தீபாவளிக்கு வேலையாட்கள் ஊருக்குப் போயிடுவாங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. காத்துல ஈரம் இருந்தா பாலிஷ் காய நாளாகும். ஈரம் காயாத சுவர்ல பெட்டியைச் சாத்தினா பின்னாடி பூஞ்சை பிடிக்கும். கடைசியா பொங்கல் லீவு வேற.

தையில குடிபோகணும்னா ஆவணியிலயே வரைபடம் முடிஞ்சிருந்தா நல்லது.

பணத்தை வேலையோட கட்டுங்க

'பத்தாம் தேதி இவ்வளவு' அப்படின்னு பேசாதீங்க. கண்ணால பார்க்க முடியுற கட்டத்துக்குப் பணம் பேசுங்க: பொருள் வந்து இறங்கினதும் ஒரு பங்கு, பெட்டி பொருத்தினதும் ஒரு பங்கு, ஷட்டர் எல்லாம் நேரா மூடுதுன்னு பார்த்த பிறகு கடைசிப் பங்கு. பொருள் இறங்கும்போது சிங்க் அடியில வர்ற பிளைவுட்ல ஐஎஸ் 710 முத்திரை இருக்கான்னு பார்த்துடுங்க. அது மரைன் பிளைவுட்டுக்கான தரக் குறியீடு. பொருத்தின பிறகு மாத்தணும்னா நாள் கணக்கா இழுக்கும்.

அதே நேரம், பேசின அட்வான்ஸை இழுத்தடிக்காதீங்க. பட்டறைக்காரர் அந்தப் பணத்துலதான் பிளைவுட் வாங்குவார். நீங்க ஒரு வாரம் தள்ளினா உங்க வேலை வரிசையில பின்னாடி போயிடும்.

வேலை கொடுத்துட்டுக் காத்திருக்குறவங்க "எப்போ முடியும்?"னு கேட்டா, "அடுத்த வாரம்"னுதான் பதில் வரும். அதுக்குப் பதிலா, "அண்ணா, கட்டிங் ஆரம்பிக்க என்கிட்ட இருந்து இன்னும் என்னென்ன பாக்கி?"னு கேட்டுப் பாருங்க. அவர் சொல்ற பட்டியலை இந்த வாரமே முடிச்சுக் கொடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.