இணைய வகுப்பறைக்கும் ஒரு பரீட்சை

மாணவர் ஒப்படைப்பைப் பதிவேற்றிவிட்டார். கோப்பின் பெயர் திரையில் தெரிகிறது. நிம்மதியாக மடிக்கணினியை மூடுகிறார். ஆசிரியரின் பக்கத்திலோ அது இன்னும் ‘வரைவு’தான். ‘சமர்ப்பி’ என்று இன்னொரு பொத்தான் இருந்ததை மாணவர் கவனிக்கவில்லை.

பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘மூடுல்’ மென்பொருளில் இப்படி நேர வாய்ப்பு உண்டு; ஆசிரியர் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் நடக்கும். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கிய மூடுலின் முதல் பதிப்பு 2002இல் வெளியானது. திறமூல மென்பொருள் என்பதால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அதைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஆகவே ஓரிடத்தில் எளிதாக இருப்பது இன்னோரிடத்தில் குழப்பும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்தையும் தனித்தனியேதான் சோதிக்க வேண்டும்.

சோதனை இருவகை. முதலாவதில் வல்லுநர்கள் ஒரு விதிப்பட்டியலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்ப்பார்கள். பயன்பாட்டியல் வல்லுநர் யாகோப் நீல்சன் 1994இல் செம்மைப்படுத்திய பத்து விதிகள் இதில் பிரபலம். என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தளம் பயனருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது முதல் விதி. ‘வரைவு’ என்ற சொல் மூலையில் சிறிய எழுத்தில் கிடந்தால் அந்த விதி மீறப்படுகிறது.

இரண்டாவதில் மாணவர்களே வருகிறார்கள். “இரண்டாம் வாரப் பாடக்குறிப்பை எடுங்கள்”, “ஒப்படைப்பைச் சமர்ப்பியுங்கள்” என்று வேலை கொடுத்து, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வார்கள். சோதனையாளர் உதவக் கூடாது. மாணவர் எங்கே தயங்குகிறார், எதைத் தவறாக அழுத்துகிறார் என்று குறித்துக்கொள்வதுதான் சோதனையாளரின் வேலை.

எத்தனை பேர் வேண்டும்? நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டிவிடுவார். ஐந்து பேர் சேர்ந்தால் சுமார் 85 சதவீதம். அதனால் பதினைந்து பேரை ஒரேயடியாகச் சோதிப்பதைவிட, ஐவரைச் சோதித்து, திருத்தி, மறுபடி வேறு ஐவரைச் சோதிப்பதே லாபம் என்பது நீல்சனின் வாதம். இந்த ஐவர் மாணவர்கள்; ஆசிரியர்களின் தேவை வேறு. அவர்களைத் தனிக் குழுவாகச் சோதிக்க வேண்டும்.

முடிவில் ஒரு வினாத்தாள். ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. பாராட்டும் வாக்கியமும் குறைகூறும் வாக்கியமும் மாறி மாறி வருவதால், படிக்காமலே ஒரே எண்ணை வட்டமிட்டவர் மாட்டிக்கொள்வார். விடைகளை 100க்கு மாற்றிக் கணக்கிடுவார்கள். பல நூறு ஆய்வுகளின் சராசரி 68. அதற்குக் கீழே போனால் தளத்தில் கோளாறு இருக்கக்கூடும் என்று தெரியும். எந்தப் பொத்தானில் என்று தெரிய, மாணவர்கள் தடுமாறிய இடங்களைப் பற்றிய குறிப்புகளைத்தான் பார்க்க வேண்டும்.